ஆயுதபூசையில் பிடிபட்ட 1859ஆம் ஆண்டுத் துவக்கு

அனுப்புநர்:
புஷ்பவதி விநாயகமூர்த்தி (வயது 71),
ஒடாஹுஹு, ஒக்லாந்து.

பெறுநர்:
ஆயுத அனுமதி அதிகாரி அவர்கள்,
தெற்கு ஒக்லாந்து.

பொருள்: எங்கள் பழைய துவக்கை (துப்பாக்கியை) உருக்காமல் திருப்பித் தருவது பற்றி.

மதிப்புக்குரிய ஐயா,

1. இம்மாதம் ஆயுதபூசையன்று தையல் மெசின், மகன் ஆனந்தராசாவின் கார்ச் சாவி ஆகியவற்றோடு துவக்கையும் கழுவி, சந்தனம் குங்குமம் சாத்தி, முன் யன்னலோரம் வைத்தோம். ஈரத்தில் குங்குமம் குழல் வழியே ஒழுகியது. எதிர்வீட்டுக்காரி இரத்தம் என்று போன் பண்ணிவிட்டார். மூன்று கார் நிறையப் பொலிசார் வந்தார்கள். மரியாதையாகவே நடந்தார்கள், அவித்த கடலையை இளையவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். துவக்கைக் கொண்டுபோனாலும் அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை.

2. குறை சபாரத்தினம்மேல். மருமகள் உஷாவின் தகப்பன், என் சம்பந்தி. பூசைக்கு வந்தவர், யாரும் கேளாமலே, இது தன் பாட்டனாரின் துவக்கு, இரண்டு யானையை விழுத்தியது, இன்றும் சுடும் என்று பொலிசாரிடம் இங்கிலிசில் அளந்தார். அதனால்தான் உருக்கப்போவதாக உங்கள் கடிதம் வந்தது.

3. உண்மை இது. பூட்டுத் தகட்டில் கிரீடமும் 1859 என்ற ஆண்டும் உள்ளன. குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் இராணுவத் துவக்காக இங்கிலாந்தில் பிறந்தது. பிறகு பின்பக்கத்தை வெட்டி, பெட்டிமூடி போலத் திறக்கும் ஸ்னைடர் மூடி பூட்டினார்கள். இலங்கைத் தொண்டர் படைக்கு வந்து, கழிக்கப்பட்டு, ஏலம் போனது. என் கணவரின் பாட்டனார் சின்னையா பன்றி விரட்ட வாங்கினார். முதல் வெடியிலேயே சாணி எருக்கும்பியில் மல்லாந்தார். பன்றி நின்று பார்த்துவிட்டுப் போனதாம்.

4. 1947இல் ஊரில் வேலி எல்லைச் சண்டையில் என் கணவர் இதை, அப்போது பக்கத்து வீட்டுக்காரரான சபாரத்தினம் நின்ற பக்கம் நீட்டி விசையை இழுத்தார். டிக் என்றது. மறுபடியும் டிக். சபாரத்தினம் வேலிக்கு மேலால் சொன்னார்:

"துவக்குக்குத் தெரியும் ஆர் சொந்தக்காரன் எண்டு. அது என்னைச் சுடாது, மூர்த்தியண்ணை."

அன்று தொடங்கிய உரிமைதான் இது.

5. ஐயா, சுடாததற்குக் காரணம் நான். வேலிச் சத்தம் முதல்நாளே கேட்டது. விடிய எழும்பி, சுடும் ஊசியைக் கழற்றி மஞ்சள்தூள் தகரப் பேணிக்குள் போட்டேன். கணவர் கடைசிவரை அறியவில்லை. முப்பத்தொன்பது வருடமாகக் கல்யாண வீடெல்லாம் சபாரத்தினம் அந்தக் கதையைச் சொல்ல, நான் வாய் திறவாமல் சோறு போட்டிருக்கிறேன்.

6. பழம்பொருளுக்கு அனுமதி வேண்டாம் என்று மகன் சொல்கிறான். என் கணவர் துடைத்து வைத்த சாமான் இந்த நாட்டில் இது ஒன்றுதான். ஊசியை நீங்களே வைத்திருங்கள், துவக்கைத் தாருங்கள். தரும் நாளில் சபாரத்தினத்தையும் கூப்பிட்டு, அவர் காதருகே விசையை ஒருதரம் இழுத்துக் காட்டி, காரணத்தையும் விளக்கும்படி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஒக்லாந்து
23.10.1986

இப்படிக்கு,
வி. புஷ்பவதி

இணைப்பு: சுடும் ஊசி ஒன்று. உஷா எழுதிய ஆங்கிலப் பிரதி ஒன்று (தகப்பனைப் பற்றிய இடங்களில் ஏதும் குறைந்திருந்தால், தமிழே சரி).