சரிபார்த்தவர் கையெழுத்து

பழுதுபார்க்க வந்த பெட்டி ஒன்றைப் பத்து நாளைக்கு முன்னால் திறந்தேன். காய்ந்த சேற்று வாசனையும் பூச்சிமருந்து வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின. உள்ளே இரண்டு பல்லி முட்டை, ஒரு குளவிக் கூடு. மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலே கருகியிருந்தது. மூடியின் உட்புறத்தில், நீல மார்க்கரில், உன் கையெழுத்து. உன் பெயரின் முதல் எழுத்தும் அதன் கீழே நீ இழுக்கும் அந்த நீளமான கோடும். ஆறு வருஷம் மோட்டார் கொட்டகை வெக்கையில் கிடந்தும் அது மங்கவில்லை. பெட்டியில் மற்ற எதுவும் அவ்வளவு நன்றாக உழைத்திருக்கவில்லை.

அதை இன்னும் மேசையிலிருந்து எடுக்கவில்லை. மாடியில் இப்போது நான் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் கீழே இருக்கிறார்கள், சிரிப்புச் சத்தம் கேட்கிறது. உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நீ என்னிடம் கேட்டிருந்த காரியம்தான். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நீ போன பிறகு எனக்குப் பழைய கதை பேச ஆளில்லை.

இன்டர்ன்ஷிப் என்று இந்த மாடிக்கு வந்த முதல் நாள் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. நீ வேறு கல்லூரி. மல்டிமீட்டரைக் கையில் எடுத்த விதத்திலேயே என்னைவிட நீ நன்றாகப் படித்தவள் என்று தெரிந்துவிட்டது. போதாக்குறைக்கு சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் ரெண்டு பேரும் இருங்க. முடிஞ்சதும் ஒருத்தருக்குத்தான் இங்க எடம் இருக்கு." இந்தச் சின்ன கம்பெனியின் முதலாளி அவர். மறைத்துப் பேசத் தெரியாதவர். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

ஒரு வாரத்தில் எல்லாம் மாறியது. நீ திருவிடைமருதூரிலிருந்து கிழக்கு ரயிலில் வருவாய், நான் பூதலூரிலிருந்து மேற்கு ரயிலில். தஞ்சாவூர் ஸ்டேஷன் படிக்கட்டில் முதலில் வந்தவள் மற்றவளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பெரும்பாலும் காத்திருந்தது நீதான். ரயில் லேட் என்று நான் சொல்வேன். ஒருநாள் என் பையிலிருந்து எட்டிப்பார்த்த சீட்டை உருவி எடுத்து, "ஏண்டி, ஒங்க ஊரு ரயில்ல பஸ் டிக்கெட்டா குடுக்குறாங்க?" என்றாய். உன் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். கண்டக்டர் மகளிடம் டிக்கெட் விஷயத்தில் பொய் சொல்லக்கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாம் செய்தது இந்தப் பெட்டிகளைத்தான். வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் போடலாம், நிறுத்தலாம். போரில் தண்ணீர் வற்றிவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும், அது இழுக்கும் கரண்ட் குறையும். அப்படிக் குறைந்தால் பெட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு, 'போரில் தண்ணீர் இல்லை' என்று விவசாயிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். எவ்வளவு குறைந்தால் நிறுத்துவது என்ற அளவை ஒவ்வொரு வயலிலும் அளந்து வைக்க வேண்டும். சார் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஒருத்தர் அளவை வைக்க வேண்டும், இன்னொருத்தர் சரிபார்த்து மூடிக்கு உள்ளே கையெழுத்துப் போட வேண்டும். வைத்தவருக்குக் கையெழுத்து இல்லை. "தப்பு வந்தா நான் கையெழுத்துப் போட்டவங்களத்தான் கேப்பேன்" என்பார்.

தை மாதத்தில் எங்கள் ஊரில் ஒரு பெட்டி வைத்தோம், நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் சித்தப்பாவின் வயல். சொந்தச் சித்தப்பா இல்லை, அப்பாவுக்குப் பங்காளி முறை. அப்பாதான் அவரிடம் பேசினார். "எம்பொண்ணு செய்யிற மிஷினு, நம்பி வையி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சம்பா அறுத்து முடித்த தாளடி காலில் குத்த, நாம் இருவரும் வரப்பில் நடந்து போனோம். சித்தப்பா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். கொட்டகையில் நாம் மட்டும்தான். அளவை நான் வைத்தேன். நீ மீட்டரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மார்க்கரைத் திறக்கவில்லை.

"இப்ப போர்ல தண்ணி மேல நிக்குதுடி. கோடையில கீழ எறங்குச்சுன்னா மோட்டாரு இழுக்குற கரண்ட்டும் கொறையும்ல? அப்ப தண்ணி இருந்தாலும் இல்லேன்னு நிறுத்திப்புடும். சித்திரையில ஒருதரம் வந்து அளந்துட்டு அப்பறம் போடுறேன்" என்றாய்.

எனக்கு மறுவாரம் கல்லூரியில் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்த பெட்டிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூட வேண்டும். "போடுடி, நான் பாத்துக்கறேன்" என்றேன். நீ தயங்கினாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என் முகம் அப்படிப் போனால் உனக்குத் தாங்காது என்பது எனக்குத் தெரியும். போட்டுவிட்டாய். அன்றைக்கு நான் வைத்த மற்ற பெட்டிகளுக்கும் போட்டாய். இப்போது மேசையில் இருப்பது அவற்றில் ஒன்று.

வைகாசியில் சித்தப்பா இங்கே வந்தார். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே போர்த் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மோட்டாரை நிறுத்திவிட்டு, தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவரும் போர் வற்றிவிட்டது என்றே எண்ணி, ஆழப்படுத்துகிற ஆளைத் தேடி ஐந்து நாள் அலைந்திருக்கிறார். கடைசியில் அந்த ஆள் வந்து கயிறு விட்டுப் பார்த்தால் தண்ணீர் இருக்கிறது. நாற்றுதான் இல்லை. ஒரு பிடி நாற்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து நம் மேசைமேல் வைத்தார். வைக்கோல் நிறத்தில் இருந்தது.

"தண்ணி கெடக்குது பாப்பா. ஒங்க மிஷினுதான் இல்லேன்னுச்சு. மிஷினு பொய் சொல்லுமான்னு நானும் நம்பிட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சித்தப்பா கழற்றிக் கொண்டுவந்திருந்த பெட்டியின் மூடியை சார் திருப்பினார். "இது யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"பாத்துட்டுத்தான் போட்டியாம்மா?"

நீ என்னை ஒரே ஒருமுறை பார்த்தாய். நான் நாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் சார் போடச் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சித்தப்பா பக்கத்தில் நின்றார். சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், அப்பா டீக்கடைக்குப் போக முடியாது. அதுதான் காரணம் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்று சார் சொன்னதும் அந்த நிமிஷத்தில் என் மண்டைக்குள் இருந்தது. வேலை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அப்பா என்று சொல்லி வந்தேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"பாத்தேன் சார்" என்றாய் நீ.

வேலை எனக்குக் கிடைத்தது. கடைசி நாளன்று ஸ்டேஷன்வரை சேர்ந்து நடந்தோம். பிளாட்பாரத்தில்தான் கேட்டாய். "வாயத் தொறந்திருக்கலாம்ல?" அப்பாவ நெனச்சுப் பயமா இருந்துச்சுடி என்றேன். "எனக்கு மட்டும் இல்லியா?" என்றாய். உன் ரயில் முதலில் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் சாரிடம், கோடையிலும் ஒருதரம் அளந்தால் என்ன என்று கேட்டேன். நல்ல யோசனை என்றார். இன்றைக்கு அது இந்தக் கம்பெனியில் சட்டம். புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, மேடம் கொண்டுவந்தது என்கிறார். உன் வார்த்தையையும் என் பெயரில் வாங்கிக்கொண்டேன், பார்.

அந்தக் கடைசி நாளுக்கு இரண்டு மாதம் கழித்து ஒன்றும் நடக்காதது போல நீயே போன் செய்தாய். கும்பகோணத்தில் ஒரு மொபைல் கடையில் சேர்ந்திருந்தாய். "இங்க கையெழுத்தெல்லாம் யாரும் கேக்கறதில்ல, நிம்மதி" என்று சிரித்தாய். பிறகு குரலை இறக்கிக்கொண்டாய்.

"அப்பாதாண்டி விடமாட்டேங்கறாரு. தட்டு முன்னாடி ஒக்காந்தா போதும், ஆரம்பிச்சிடுறாரு. ஒரு டிக்கெட்டு கிழிக்காம விட்டா எனக்கு மெமோ வரும், நீ பாக்காமலே கையெழுத்துப் போட்டியாங்கறாரு. நடந்ததச் சொன்னா, அடுத்தவ மேல பழியப் போடாதங்கறாரு. நீ ஒருதரம் வந்து சொல்லிட்டுப் போயேன். நீ சொன்னா நம்புவாரு."

தீபாவளிக்கு வருகிறேன் என்றேன். பிறகு பொங்கலுக்கு. தைப்பூசத்துக்கு உங்கள் ஊர்க் கோயிலுக்கு வரும்போது அப்படியே வீட்டுக்கும் வருகிறேன் என்றேன். கோயிலுக்கும் வரவில்லை. தஞ்சாவூரிலிருந்து ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். மூன்று முறை கேட்டாய். அப்புறம் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்தியதும், நீ மறந்துவிட்டாய் என்று வசதியாக எடுத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் உனக்கு டெங்கு வந்தது. ஆறு நாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று நான்காம் நாள் தெரிந்து போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு நான் முதன்முதலில் வந்தது உன்னைத் தூக்குகிற அன்றைக்கு. தெருவில் பந்தலுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றேன். உன் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குச் சொல்கிற விஷயமா இது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அதன் பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்தக் கொட்டகையில் நடந்தது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும். என்னைத் திட்ட உரிமை உள்ள ஒரே ஆளும் போய்விட்டாள். யாராவது நல்ல பொண்ணு என்று என்னைச் சொன்னால் எழுந்து போய்விடத் தோன்றும். அப்படி எழுந்து எழுந்துதான் இந்த மாடியில் தனியாக உட்காரப் பழகினேன்.

பெட்டியைத் திறந்த மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிழக்கு ரயிலில் ஏறினேன். நீ தினமும் வந்த வழி. ஜன்னலுக்கு வெளியே உளுந்து பறித்த வயல்கள் வெறுமையாகக் கிடந்தன.

உன் அப்பா பணி ஓய்வு பெற்றுவிட்டார். இளைத்திருக்கிறார். நாம் சேர்ந்து எடுத்த போட்டோவைப் பார்த்திருப்பார் போல, என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாம்மா, வெயில்ல வந்திருக்கே, உள்ள வா" என்றார். உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள். நான் அதைத் தொடாமல், ஒன்றுவிடாமல் சொன்னேன். நெல் தூற்றிய நாள், ரிப்போர்ட், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது, நாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம். முடிந்ததும் அவர் டிக்கெட் பரிசோதகர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கோடையில அளக்கணும்னு அவ சொன்னாளா?"

"சொன்னாப்பா."

"கையெழுத்துப் போட மாட்டேன்னாளா?"

"அப்பறமா போடுறேன்னு சொன்னா. நான்தான் விடல."

"எங்கிட்டயும் இதேதான் சொன்னா. ஒரு வார்த்த மாறல" என்றார். அம்மா சமையலறைக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து அழுகிற சத்தம் வந்தது. அவர் அழவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நாலு வருஷம்மா. சோத்துல கைய வச்சாப் போதும், சொல்லிக் காட்டுவேன். பாதியில எந்திரிச்சிப் போயிடுவா. நீ ஒரு நா முன்னாடி வந்திருந்தாக்கூட, அந்த ஒரு நா எம்புள்ளய நிம்மதியா சாப்புட விட்டிருப்பேனே."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். பார்த்துப் போம்மா என்றார். உன்மேல் இருந்த பழி உங்கள் வீட்டில் தீர்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டதைச் செய்துவிட்டேன், உனக்கு ஆகாத காலத்தில். அவர் கேட்ட அந்த ஒரு நாளை உனக்கு நான் தந்திருக்க முடியும். தராமல் வைத்துக்கொண்டேன். அது இனிமேல் என்னிடம்தான் இருக்கும்.