தலை குனிந்தபடி சாங்ஷாவுக்கு

என் செல்லத் தம்பி ஈசனுக்கு,

இதை எங்கள் டெனிஷ் ரயிலில் இருந்துதான் எழுதுகிறேன். சிரிக்காதே. சில்க்போர்க்கில் ஏறி, ஸ்கண்டபோர்க்கில் மாறி, இப்போது பெரிய பாலத்தில் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறேன். புரொண்பியில் உன் வீட்டில் உன் மலர் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். நான் வந்து இறங்கும்போதெல்லாம் நீ வாசலில் நின்று சொல்வது காதில் கேட்கிறது: "பெரியக்கா வாறதுக்கிடையில நான் ஏத்தின பெட்டியள் பாங்கொக்கில இறங்கியிட்டுது."

வேலை செய்த காலம் முழுக்க விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவன் நீ. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். தூரம் என்றால் விமானம்தான் என்பது உன் கட்சி. வரிசையில் நிற்கிற நேரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார் என்பது என் கட்சி. அந்த வழக்கைத் தீர்க்காமலே கண்ணை மூடிவிட்டாய். இப்போது எனக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது, அதுவும் உன் வீட்டுக்குள் இருந்தே.

நீ இருக்கும்போதே உன் மகன் நிமல் பெய்ஜிங்குக்கு வேலைக்குப் போய்விட்டான். நீ காணாதது அவனுடைய கலியாணம். மருமகளின் பெயர் லின், ஊர் சாங்ஷா. பெய்ஜிங்கில் இருந்து தெற்கே ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் வரும். தலைப்பிரசவம் தன் வீட்டில்தான் என்று லின்னின் அம்மா சொல்லி, அவளை முன்னமே அங்கே கூட்டிப் போய்விட்டாராம். மலருக்கு அதைக் கேட்டதும் ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. "பாத்தீங்களே மச்சாள், எங்களை மாதிரித்தான். நல்ல சனம்."

அதோடு சரக்கு இடிக்கத் தொடங்கினாள். மல்லி, மிளகு, மஞ்சள், சீரகம் என்று வறுத்து, பிள்ளைப்பெற்றவளுக்குக் கறி வைக்கிற தூள் ஒரு பெரிய தகரப்பேணி நிறைய. "அவருக்கும் சேர்த்து நான்தான் பிள்ளையைத் தூக்கவேணும். பிறந்த பிறகு போய் நிண்டு விருந்தாளி மாதிரிப் பாக்கிறதில்லை" என்றாள். அவர் என்றது உன்னைத்தான். துணைக்கு நான் போனேன். இருவரும் பெய்ஜிங்கில் இறங்கி, நிமலோடு சில நாள் இருந்துவிட்டு, மூவருமாக சாங்ஷாவுக்குப் பறப்பது என்று ஏற்பாடு.

அங்கேதான் எல்லாம் புரண்டது. ஒருநாள் காலையில் மலர், இடது கண்ணுக்குள் கறுப்புத் திரை இறங்குகிறது என்றாள். விழித்திரை கழன்றிருந்தது. அன்றே சத்திரசிகிச்சை. கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை வைத்து, அது திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் நாள் முழுக்க முகத்தைக் கீழே பார்த்தபடி வைத்திருக்க வேண்டும் என்றார் வைத்தியர். குமிழி கரையும் வரை விமானம் கூடவே கூடாது.

விமானத்தில் கொண்டு போகிற சிப்ஸ் பக்கற் உயரே போனதும் உப்பி நிற்குமே, கண்டிருக்கிறாய்தானே? அந்த உப்பல் கண்ணுக்குள் நடந்தால் பார்வை போய்விடும். மலருக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினேன். அவள் நிலத்தைப் பார்த்தபடியே, "அப்ப நான், பிள்ளை பிறந்த பிறகுதான் போவன்" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வைத்தியரிடம் திரும்பப் போனேன். ரயிலில் போகலாமா என்று கேட்டேன். அவர் வழியைப் பார்த்தார். உயரமான மலை இல்லை, பெரும்பாலும் சமதரை. தலை குனிந்தபடி இருந்தால் போகலாம் என்றார். தம்பி, அந்த நிமிடம் நான் உன்னை நினைத்தேன். எங்கள் வழக்கு வெறும் வாய்ச்சண்டை இல்லை என்று ஆகிவிட்டது.

அடுத்த நாள் விடிந்ததும் லின்னுக்கு வலி தொடங்கிவிட்டது என்று அழைப்பு வந்தது. நிமல் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தான். தாயை விட்டுப் போகவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை.

"நீயும் எங்களோட ரயிலில வா" என்றேன்.

"மாமி, ரயில் ஆறு மணித்தியாலம். பிளேன் ரெண்டரை."

"கொப்பற்ற பிள்ளைதான், அவரும் பிளேன் எண்டுதான் நிப்பார்" என்றாள் மலர் நிலத்தைப் பார்த்து. "நீ பிளேனில போ. நாங்கள் வந்து சேருவம்."

"அம்மா, நீங்கள் தனிய..."

"மாமி நிக்கிறா. நீ லின்னுக்குப் பக்கத்தில நில்லு."

அவன் எங்களை நிலையத்தில் விட்டுவிட்டு விமான நிலையத்துக்கு ஓடினான். போகும்போது, பதறினால் வாயில் வருகிற டெனிஷில் "டெ கோர் நொக்" என்றான். எல்லாம் சரிவரும் என்று எங்களுக்குச் சொன்னானா, தனக்குச் சொன்னானா தெரியாது.

நிலையம் உன் விமான நிலையத்தைப் போலத்தான் இருந்தது. பைகளை இயந்திரத்துக்குள் விட்டார்கள். மலரின் தகரப்பேணியைக் கண்டு ஒரு பெண் காவலர் திறக்கச் சொன்னார். கிட்டக் கொண்டுபோய் மணந்தார். பிறகு விடாமல் தும்மினார். பின்னால் நின்றவரும் தும்மினார். மலர் குனிந்தபடியே வயிற்றைத் தொட்டு, பிள்ளையை ஆட்டுவதுபோல் கைகளை ஆட்டிக் காட்டினாள். காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்து, பேணியை இறுக்கி மூடிக் கொடுத்தார்.

ரயில் புறப்பட்டது தெரியவில்லை. கதவுக்கு மேலே இருந்த எண் ஏறி முந்நூறைத் தாண்டியது. மலருக்கு அது தெரியாது. அவள் கண்டதெல்லாம் தன் மடியும் கையில் பிடித்திருந்த தேத்தண்ணியும்.

"மச்சாள், ஓடுதோ நிக்குதோ? தேத்தண்ணி அசையேல்லை."

"ஓடுது. எங்கட ரயிலைப்போல ரெண்டு மடங்கு."

"வெளியில என்ன தெரியுது?"

"கோதுமை வயல்."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"வயல்தான்."

"உங்களிட்டைப் படிச்ச பிள்ளையள் பாவம்" என்றாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றையும் விடவில்லை. கோதுமை மஞ்சளாகப் பழுத்திருக்கிறது, அதன் நடுவே யாரோ அடுக்கி வைத்ததுபோல் மாடிவீடுகள், ஒரு குளத்தில் வாத்துகள், மஞ்சள் ஆறு உண்மையிலேயே பால் விட்ட தேத்தண்ணி நிறம் என்று சொல்லிக்கொண்டே போனேன். எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு சீன அம்மா, மலர் துக்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று நினைத்து, கைபேசியில் மொழிபெயர்த்து என்னிடம் காட்டினார்: உங்கள் சகோதரிக்கு யார் இறந்தது? இல்லை, பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது என்று திருப்பிக் காட்டினேன். அவர் உரத்துச் சொல்ல, பெட்டி முழுக்கச் சிரிப்பு. யாரோ ஒரு தோடம்பழத்தைக் கொண்டுவந்து, மலர் காணும்படி அவளுடைய மடியில் வைத்தார்கள்.

நிமலிடம் இருந்து செய்தி வந்தது. "மாமி, இன்னும் நிலத்தில்." தெற்கே இடிமழையாம். எல்லாரையும் ஏற்றிவிட்டு விமானத்தை ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நாங்கள் யாங்சி ஆற்றைக் கடக்கும்போது அவன் அப்போதுதான் மேலே எழும்பியிருந்தான். எங்கள் யன்னலிலும் மழை அடித்தது. ரயில் அதைக் கவனிக்கவே இல்லை.

சாங்ஷாவில் நாங்கள் இறங்கி, லின்னின் அப்பா எங்களை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போய், மலர் லின்னின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தபோதுதான் உன் மகன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். தாயைக் கண்டு அப்படியே நின்றான். மலர் நிமிராமலே, "சப்பாத்தைப் பாத்தே தெரியும். பிளேன்காரர் வந்திட்டார்" என்றாள்.

இத்தனை அவசரப்பட்டோமே, உன் பேத்தி எவரையும் மதிக்கவில்லை. அடுத்த நாள் காலைதான் பிறந்தாள். ஆமாம், பேத்தி.

தம்பி, நான் நியாயமாகப் பேச வேண்டும். மழை இல்லாவிட்டால் அவன் முந்தியிருப்பான். ஒரு நாளை வைத்துக் கணக்கை முடித்தால் பிள்ளைகளுக்கு நான் சுழியம்தான் போட்டிருப்பேன். இங்கிருந்து பெய்ஜிங்குக்கு நாங்களும் பறந்துதானே போனோம்? எந்தத் தூரம் வரை ரயில், எங்கிருந்து விமானம்? அந்தக் கோடு எங்கே விழுகிறது? சாங்ஷா அந்தக் கோட்டின் மேலேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நிலையத்தில் தெற்கே போகிற ரயில்கள் பஸ் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்தேன். ஒன்று தவறினால் அடுத்ததில் ஏறலாம். இங்கே என் பக்கத்து வீட்டார் பாரிசுக்குப் பறக்கிறார்கள். இப்படி ரயில் இருந்தால் பறப்பார்களா? நீ இருந்தால் இதற்கு என்ன மறுமொழி சொல்வாய்?

இனி உனக்கு நான் சொல்ல வந்தது. பிறந்த அன்று மலர் கதிரையில் இருந்தாள். வைத்தியர் சொன்னபடி கழுத்தை வளைத்து, முகத்தை மடிக்கு நேரே வைத்திருந்தாள். அத்தனை நாளாக அந்தக் குனிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நொந்தது. லின்னின் அம்மா பிள்ளையைக் கொண்டுவந்து அந்த மடியில் வைத்தார். ஒரு பிள்ளையைப் பார்க்க அப்படித்தானே குனிய வேண்டும்? மலருக்குத் தலையை இம்மியும் அசைக்கத் தேவைப்படவில்லை. நல்ல கண்ணால் பார்த்தாள். மணிக்கணக்காகப் பார்த்தாள். ஒருவராலும் அவளிடமிருந்து பிள்ளையை வாங்க முடியவில்லை. கேட்டால், "டொக்டர் நிமிர வேண்டாமெண்டவர்" என்றாள்.

குமிழி கரையும் வரை பறக்க முடியாததால் அவள் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றாள். இரண்டு சம்பந்திகளும் பாஷை இல்லாமலே சமையலறையில் போட்டி போட்டார்கள். ஒருவர் இஞ்சி போட, மற்றவர் சரக்குத்தூள் போட, லின் இரண்டையும் சாப்பிட்டாள். பேணி காலி.

ரயில் நிலத்துக்கு வந்துவிட்டது, ஈசா. புரொண்பி கிட்டுகிறது. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் பேத்திக்குக் கணக்குப் படிக்கிற வயது வரும்போது நான்தான் முதல் கணக்கைச் சொல்லிக்கொடுப்பேன்: ஒரு ரயிலும் ஒரு விமானமும் பெய்ஜிங்கில் இருந்து புறப்படுகின்றன. அதில் உன் கட்சியையும் விடாமல் சொல்வேன். மழை பெய்யாத நாளையும் போடுவேன். அதோடு, தலை குனிந்தபடி ஒருத்தி அந்த ரயிலில் இருந்தாள் என்பதையும்.

பெட்டிகளுக்குப் பிந்தியே வந்து சேரும்,
உன் பெரியக்கா