குவபாராவின் காது

“கழுவித்தானே போட்டேன்!” என்று நேற்றுக் கத்தினீர்களே தெத்சுவோ, கழுவினால் ஊரான் காது உங்கள் காதாகிவிடுமா?

நீங்கள் பழையதாக வாங்கி வந்த இயர்போன், மாடி வீட்டிலிருந்த குவபாரா தன் காதை அச்செடுத்துச் செய்துகொண்டது. ஓரத்தில் அவர் பெயரே இருக்கிறது. துளைக்குள் ஊசி விட்டேன், மஞ்சளாக அழுக்கு வந்தது. “கொஞ்சம் திருகினா உள்ள போயிடும்” என்று நீங்கள் அதைத் திருகிக்கொண்ட காதின் பக்கத்தில் நான் படுக்க மாட்டேன்.

சோறு குக்கரில் இருக்கிறது. மீனை வறுத்து மூடியிருக்கிறேன். இன்று எரியாத குப்பை எடுக்கும் நாள். எட்டு மணிக்குள் அந்த இயர்போனைக் குப்பையில் போட்டுவிடுங்கள். பெயர் தெரியாமல் சுற்றிப் போடுங்கள், பையைத் துழாவ ஆட்கள் இருக்கிறார்கள்.

பதினோரு மணிக்கு நகானோ இயர்போன் கடையில் உங்கள் காதுக்கே அச்செடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் டாக்டரிடம் போய்க் காதைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அச்சுப் பசையைக் காதில் ஊற்றும்போது வாயைத் திறந்தே வைக்க வேண்டுமாம். அது உங்களுக்கு நன்றாக வரும்.

சிசுரு

பி.கு: குவபாரா அதை ஏன் விற்றார் தெரியுமா? பல் டாக்டரம்மாவைக் கட்டிக்கொண்டார். புதுப் பெண்டாட்டி பார்த்ததுமே, “அது இருந்தா நான் வர மாட்டேன்”னு சொல்லிவிட்டாளாம். இரண்டு பேரும் செண்டாய்க்குக் குடிபோய்விட்டார்கள். காது மட்டும் நம் தலையணையில்.