வெள்ளைக்காரிகள் வராத போட்டி

ஓகஸ்ட் 4, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு வரவில்லை. ஒஃபிஸில் ஏசி பழுது. செய்ய வேண்டியவை: சப்பாத்து அடி ஒட்டக் கொடுப்பது, டடாவுக்கு பிரஷர் குளிசை, அடுத்த கிழமைக்கு லீவு.

பின்னேரம் வலைப்பந்துப் பயிற்சி. முடிந்ததும் மிஸ் எங்களை வட்டமாக உட்காரச் சொன்னார். மிஸ் பயிற்சியாளர், நல்ல மனுஷி, கெட்ட செய்தி என்றால் விசிலைக் கையில் உருட்டுவார். இன்றைக்கும் உருட்டினார். கொழும்பில் நடக்கப்போகும் போட்டிக்கு வெள்ளைக்காரிகளின் அணி வராமல் விடலாம் என்றார்.

வெள்ளைக்காரிகள் என்பது நாங்கள் வைத்த பெயர். அதில் பாதிப் பேர் கறுப்பு.

காரணம், இந்த நாட்டில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் மறியலில் அடைக்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். அப்படிப்பட்ட நாட்டில் விளையாடமாட்டார்களாம். ‘இருக்கிறதாம்’ என்று எழுதுகிறேன். அந்தப் பிரிவின் இலக்கம் எனக்கு எங்கள் வீட்டு இலக்கத்தைவிட நன்றாகத் தெரியும்.

கெப்டன் சிங்களத்தில் கேட்டாள், அப்படி ஒரு சட்டமா, எனக்குத் தெரியாதே என்று. இன்னொருத்தி: “உனக்கு அது தேவைப்படாது.” எல்லாரும் சிரிப்பு. நானும். அந்தச் சிரிப்பில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன சட்டம். அவன் ஆண்களைத்தான் எழுதினான். பெண்களையும் சேர்த்தது நாங்கள், அவன் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு. சமத்துவம்.

எனக்கு முப்பத்துநாலு. இதுதான் கடைசி. இத்தனை வருடம் விளையாடியதெல்லாம் வெளியூர் மைதானங்களில். கொழும்பில் நாட்டுச் சட்டையோடு இறங்குவது இதுதான் முதல் தரம். டடா, பெற்ற தகப்பன், நான் விளையாடி இன்னும் நேரில் பார்த்ததில்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த காலத்தில் அவருக்கு லீவு கிடைக்காது, இப்போது விமானம் ஏறப் பயம். இந்த முறை வெள்ளைச் சேர்ட்டை இப்போதே அயன் பண்ணி வைத்திருக்கிறார்.

குளிசை வாங்க மறந்துவிட்டேன்.

5, புதன்

ஒஃபிஸ் முடிந்து வெள்ளவத்தை. பஸ்ஸில் நின்றபடியே. வாணிக்கு இன்று காலை ட்யூட்டி, களுபோவில ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேல்மாடியில், அவளது வாடகை அனெக்ஸில் கால் நீட்டி இருந்தாள். தோசை பார்சல், சம்பல் கசிந்து பை எல்லாம் சிவப்பு.

அவளுக்குச் சந்தோஷம். அதுதான் எனக்கு ஏறவில்லை.

“கடைசியா ஒருத்தராவது வாய் திறந்திருக்கினம். நீ ஏன் மூஞ்சைய நீட்டிக்கொண்டு இருக்கிறாய்?”

“எனக்குக் கடைசி டூர்னமன்ட் வாணி. அவங்க வராட்டி அது ஒரு டூர்னமன்டா?”

“உனக்கு எப்பவும் மட்ச்தான். வார்டில இண்டைக்கு முழுக்க இந்தக் கதைதான். இத்தனை வருசம் அங்க வேலை செய்யிறன், ஒருத்தரும் இதை வாயில எடுத்ததில்லை. இண்டைக்கு ஒரு பெரிய நர்ஸ் மிஸ்ஸி சொல்லுறா, அதுக்குப் போய் மறியலோ, பாவங்கள் எண்டு. நான் பன்டேஜ் சுத்திக்கொண்டு நிண்டனான். சுத்தினதையே திரும்பச் சுத்தினன்.”

“எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா?”

“ஆரைக் கேக்கிறது? நீ கையை உயர்த்தியிருப்பியே?”

சம்பல் பையை முடிந்து குப்பையில் போட்டேன். போட்டுவிட்டுச் சொன்னேன், அவர்களுக்கு வராமல் விட ஒரு நாடு இருக்கிறது, நான் எதற்கு வராமல் விடுவது, கொட்டாஞ்சேனை வீட்டுக்கா, வெள்ளவத்தை பஸ்ஸுக்கா என்று. சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

வீட்டுக்கார அன்ரி கீழிருந்து: “சாப்பிட்டிட்டீங்களோ பிள்ளையள்? அக்கா தங்கச்சி மாதிரி, பாக்கவே ஆசையா இருக்கு.”

“ஓம் அன்ரி,” என்றாள் வாணி.

6, வியாழன்

மழை. பயிற்சி உள்ளரங்கில். தோள் வலி.

ஜோவிடமிருந்து செய்தி. ஜோ வெள்ளைக்காரிகளின் கெப்டன். முன்னொரு போட்டியில் ஆட்டம் முழுக்க என்னைக் காவல் காத்தவள், பிறகு சாப்பாட்டு மேசையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மனைவி, ஒரு பெண்குழந்தை. விளையாட்டில் வாணியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள்.

சனிக்கிழமை அவர்கள் வாக்கெடுக்கிறார்களாம். எழுதியிருந்தாள்: “எல்லாரும் உங்களுக்காகத்தான் போகாமல் விடுகிறோம் என்கிறார்கள். நீதான் அங்கே இருக்கிறாய். நீயே சொல். வரவா, வேண்டாமா?”

ஆக, கேட்டுவிட்டார்கள். இப்போது பதில் சொல்லத்தான் வேண்டும். கழிப்பறையில் நின்று எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில் அனுப்பியது:

“வா. மனைவியையும் கூட்டி வா. ஆட்டம் இல்லாத நேரம் முன்வரிசையில் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் இரு. எங்கள் ஆட்கள் உங்களைப் பார்க்கட்டும். நீங்கள் வராவிட்டால் எங்களைத்தான் பார்ப்பார்கள்.”

அனுப்பிய பிறகு பயம். எதற்கு என்று தெரியவில்லை. ஃபோனிலிருந்து அழித்துவிட்டேன்.

8, சனி

உடுப்புத் தோய்த்தது காயவில்லை. சப்பாத்து வந்துவிட்டது, நல்ல வேலை.

வரமாட்டார்களாம். ஜோ எழுதினாள்: பெயர் சொல்லாமல் என் செய்தியை வாசித்தாளாம். ஒருத்தி அழுதாளாம். பிறகு மூன்று பேரைத் தவிர எல்லாரும் வேண்டாம் என்று கை உயர்த்தினார்களாம். அழுதவளும்.

அவர்களைப் பிழை என்று எழுதவும் வரவில்லை. மனைவி உள்ளவர்கள் அந்த அணியில் ஜோவைத் தவிர இன்னும் இருக்கிறார்கள். உங்களை இங்கே ஒருவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று யார் உறுதி கொடுப்பது? நானா?

இரவுச் செய்தியில் அவர்கள் அறிக்கை. ‘இலங்கையில் பயத்தில் வாழும் எங்கள் சகோதரிகளுக்காக.’ டடா பக்கத்தில் இருந்தார். கிரிக்கெட்டுக்கு மாற்றினார்.

ஃபேஸ்புக் பார்க்கக்கூடாது என்று நினைத்துப் பார்த்தேன். ‘நல்லது, நோய் வராமல் போனது.’ ‘நம்ம டீமிலும் இருக்கும், தேடுங்கள்.’ கடைசியாகச் சொன்னதற்குத்தான் கூடுதல் லைக்.

10, திங்கள்

ஒஃபிஸில் நஸீர் நானா மட்டும்தான் ஒழுங்காகக் கதைத்தார். மாளிகாவத்தையிலிருந்து வருபவர், எனக்குப் பின் மேசை, ஒஃபிஸில் எல்லாருக்கும் நானா, அண்ணன் முறை. “அவங்க ஆடாட்டி என்ன, நீங்க ஆடுங்க. மகள் ஒங்களப் பாக்கோணுமாம். ரெண்டு டிக்கட் எடுத்துத் தாங்க.” எடுத்துத் தருவதாகச் சொன்னேன்.

பயிற்சிக்குச் சங்கத்துச் செக்ரட்டரி வந்தார் (இனி செ.). நாளைக்கு ஊடகச் சந்திப்பு. ஆங்கிலத்தில் அவர், சிங்களத்தில் கெப்டன், தமிழில் நான். மைதானத்தில் தமிழ் பேசினால் மற்றவர்களுக்கு விளங்காது, விடுங்கள் என்று எனக்கு முன்பு சொன்னவர் இவர்தான். நாளைக்கு மட்டும் தமிழ் வேண்டும்.

வாசிக்க வேண்டியதைக் கையில் தந்தார். நடுவில்: ‘எங்கள் அணியில் அப்படிப்பட்டவர்கள் எவரும் இல்லை. இந்தச் சட்டத்தால் இங்கே எவரும் பாதிக்கப்படவில்லை.’ எழுத்துப்பிழை வேறு. திருத்திக் கொடுத்தேன். எனக்கே வெட்கம், ஆனால் திருத்தினேன்.

அதைவிட மோசம் ஷெரின் விஷயம். எங்கள் கோல் டிஃபென்ஸ், ஹெந்தளைப் பிள்ளை, இருபத்திரண்டு. ஆண்பிள்ளைபோல் குட்டைத் தலைமயிர். கடற்கரையில் ஒரு பெண்ணின் தோளில் கை போட்டு நிற்கும் படம், எங்கிருந்தோ எடுத்து, ‘வெள்ளைக்காரிகள் தேடிய ஆள் இதுதான்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பகிர்வு. செ. எல்லார் முன்னாலும் அவளிடம், நாளைக்குக் காதுக்கு ஏதாவது போட்டு வா என்றார்.

உடுப்பு மாற்றும் அறையில் அவள் அழுகை. “அக்கா, அது என்ட மாமாட மகள். சின்னதில இருந்து ஒண்ணா வளந்தோம். நான் என்ன செஞ்சேன்?”

ஒன்றும் செய்யவில்லை. தலைமயிரை வெட்டினாள், அவ்வளவுதான். என் பின்னல் இடுப்புவரை. எத்தனையோ வருடமாக அது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

11, செவ்வாய்

வெயில். சந்திப்பு ஒரு ஹோட்டலில். கேக் நல்லது, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

என் முறை வந்தது. வணக்கம் சொன்னேன். விருந்தினர்களை வரவேற்றேன். அந்த இரண்டு வரி வந்தபோது கண் அடுத்த பந்திக்குப் போனது. வாசிக்காமல் விட்டேன். செ. பக்கத்தில் இருந்து தலையாட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது.

ஒன்பது மணிச் செய்தியில் என்னைக் காட்டினார்கள். வணக்கம் மட்டும். கீழே எழுத்தில்: ‘எங்கள் அணியில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என வீராங்கனை தெரிவிப்பு.’ செ. கடதாசியை எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட்டாராம்.

வாணி ஃபோன் எடுத்தாள். “நீ சொன்னியா?”

“இல்ல.”

“சரி.” வைத்துவிட்டாள். நம்பினாளா தெரியாது.

12, புதன்

ஷெரினை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம், முழங்கால் காயம். நேற்றுக் காலை என்னைவிட வேகமாக ஓடியவள். மிஸ் விசிலை உருட்டிக்கொண்டே நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

செ. அறைக்குப் போனேன். கதைத்தது சிங்களத்தில், எழுதுவது தமிழில்.

“ஷெரினுக்குக் காயம் இல்லை, சேர்.”

“டொக்டர் சொன்னால் இருக்கிறது.”

“ஏன் நீக்கினீர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் அப்படிப்பட்டவளும் இல்லை.”

“அப்படியென்றால் நல்லதுதானே. எல்லாம் அடங்கட்டும், பிறகு பார்ப்போம். கூட்டத்தில் ஒருவன் கத்தினால் ஸ்பொன்சருக்கு யார் பதில் சொல்வது?”

“அவள் இல்லையென்றால் நானும் இல்லை.”

“உனக்கென்ன வந்தது? உனக்கும் இதற்கும் என்ன?”

அப்போது சொன்னேன். முன்கூட்டி யோசிக்கவில்லை. “அப்படிப்பட்ட ஒருத்தியை வெளியே போட்டே ஆகவேண்டும் என்றால், சரியான ஆளைப் போடுங்கள், சேர். அவள் வேண்டாம்.”

அவருக்கு விளங்கிவிட்டது. என் பின்னலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், எழுந்து கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பேனையை எடுத்தார்.

“எந்த முழங்கால்? இடதா, வலதா?”

அவரே வலது என்று போட்டுக்கொண்டார்.

“ஷெரினைத் திரும்ப எடுப்பீர்களா?”

“இரண்டு பேருக்கும் காயம். போய் ஓய்வெடு.”

வாணியைத் தவிர இந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லாததை இன்று ஒரு மனுஷனிடம் சொன்னேன். அவர் அதை முழங்கால் என்று எழுதிக்கொண்டார்.

13, வியாழன்

பேப்பரில் வந்துவிட்டது. கடைசிப் பக்கம், சின்னதாக. இரு வீராங்கனைகளுக்குக் காயம்.

நஸீர் நானா தோடம்பழம் கொண்டுவந்தார். நொண்டி நடக்க மறந்துவிட்டேன், பிறகு ஞாபகம் வந்து நொண்டினேன். மகளுக்கு டிக்கட் கொடுத்தேன்.

பகல் ஷெரின் ஃபோன் எடுத்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், ஏன் பொய் எழுதுவது, நினைத்தேன்தான்.

“அக்கா, நீங்க ஏன் வெலகினீங்க? இப்ப எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கதைக்கிறாங்க. ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் முழங்காலாம், சிரிக்கிறாங்க. மாமா வீட்டாக்கள் மகள எங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாம்.” பின்னால் அவள் அம்மாவின் குரல். “கொஞ்ச நாளைக்கு எடுக்காதீங்க அக்கா. அம்மா சொல்றாங்க.”

சரி என்றேன். வேறென்ன.

ஜோவும் எழுதியிருந்தாள். முழங்காலைப் பற்றிக் கேள்விப்பட்டாளாம், கவலையாம், கடைசிப் போட்டி இப்படியா போகவேண்டும் என்று. ஐஸ் வைக்கச் சொல்கிறாள். கீழே: ‘நாங்கள் உன்னோடு நிற்கிறோம்.’ அதன் பக்கத்தில் ஒரு வானவில்.

அவர்கள் வராததற்கு உலகம் முழுக்கக் காரணம் தெரியும். என் காரணம் வலது முழங்கால்.

மாலை வெள்ளவத்தை. வாணிக்கு எல்லாம் சொன்னேன். செ.யிடம் சொன்னதைச் சொன்னபோது எழுந்து வந்து என் முன்னால் நிலத்தில் இருந்தாள். “திரும்பச் சொல்லு. அப்பிடியே சொல்லு, என்ன சொன்னனீ?” திரும்பச் சொன்னேன். என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். கீழே அன்ரியின் டீவியில் சீரியல்.

15, சனி

மாதா திருநாள். காலைப் பூசை, கோயில் நிறைந்த சனம், வேர்வை. வாசலில் மூன்று பேர் முழங்காலை விசாரித்தார்கள். ஒருத்தி நேர்த்தி வைக்கச் சொன்னாள்.

பின்னேரம் முதல் ஆட்டம். டடா போகவில்லை. நீ இல்லாமல் அங்கே யாரைப் பார்க்க என்றார். வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு டீவிக்கு முன்னால் இருந்தார். ஷெரினின் இடத்தில் நின்ற பிள்ளை பந்துக்குப் பந்து பின்தங்கினாள். பாதி ஆட்டத்தில் பதினொரு கோல் பின்னால். கூட்டத்தில் ஒருவரும் கத்தவில்லை. கத்த ஆளே இல்லை, பாதிக் கதிரை காலி.

டடா டீவியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். தைலப் போத்தலோடு வந்தார். கஷ்டப்பட்டு நிலத்தில் இருந்தார், அவர் முழங்கால் சத்தம் போட்டது.

“காலை நீட்டு.”

“வேணாம் டடா.”

“நீட்டு மகள்.”

நீட்டினேன். தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிச் சூடுபறக்கத் தேய்த்து என் முழங்காலில் வைத்தார். பெருவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தார். எலும்பு, சதை, எல்லாம் பார்த்தார்.

“வீக்கம் ஒண்டும் இல்லயே.”

“உள்ளுக்கு டடா.”

“எங்க, இங்கயா?”

“ஓம்,” என்றேன். “அங்கதான்.”