பத்தொன்பதாவது எச்சரிக்கை

புதன், இரவு.

ஆலங்குடி பக்கமிருந்து ஒருவர் காலையில் போன் செய்தார். "தொட்டி நெறஞ்சும் மோட்டார் நிக்க மாட்டேங்குதுங்க." மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் எங்கள் கம்பெனியுடையதுதான். உடனே அதற்குள் ஓடும் சி மொழி நிரலைப் பிழை தேடும் கருவியில் ஓட்டி, பொய் எச்சரிக்கை என்று நாங்கள் மூடிவைத்தவற்றையும் காட்டச் சொன்னேன். பத்தொன்பது வந்தன. எல்லாம் ஒரே புகார்: ஒரு வேலை முடியும்வரை மற்றதைக் காக்கவைக்கும் லாக் போட்டிருக்கிறது, திறக்கவில்லை. பதினெட்டில் நிரலின் வேறொரு பகுதி, இன்னொரு ஃபங்ஷன், திறந்துவிடுகிறது. அது கருவிக்குத் தெரியாது. பத்தொன்பதாவதில் சென்சார் பிழை வந்தால் யாருமே திறப்பதில்லை. மோட்டாரை நிறுத்தும் கட்டளை அங்கேயே காத்துக் கிடக்கும்.

பக்கத்து சீட் மாலதியிடம் காட்டினேன்.

"அதெல்லாம் பொய் வார்னிங்தாங்க. அப்பவே பாத்து மூடியாச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். இவள்தான் படிக்காமல் மூடியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கிளம்பியதும் பத்தொன்பதாவதை மூடியது யார் என்று தேடினேன். மூடியதற்கான குறிப்பு: 'பார்த்தாயிற்று, பிரச்சினை இல்லை.' மற்ற பதினெட்டிலும் ஒட்டிய அதே வரி. பக்கத்தில் என் பெயர்.

மாலதி அங்கே என் பெயரை முன்பே பார்த்திருக்கிறாள்; அதனால்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனை நாளாக அவளுக்குத் தெரியும் என்பதுதான் தெரியவில்லை.