எண்ணெய் பட்ட வலது கண்

பிப்ரவரி 2
நாளை பெங்களூரு ராணுவ ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு லேசர். பவர் மைனஸ் நாலரை. போன குளிர்காலம் மலைமேல் ரோந்து போகையில் கண்ணாடி உறைந்துபோய், துடைக்கக் கழற்றினேன், பள்ளத்தில் விழுந்தது. மீதி வழி முழுக்க என் செக்ஷனில் இருக்கும் கிரண்தான் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனான். நாயக் ஷெர்வின் என்கிற எனக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா? கிரண் யாரிடமும் சொல்லவில்லை. நானேதான் சுபேதாரிடம் சொன்னேன். ஏப்ரலில் மெடிக்கல் போர்டு. பாஸானால் என் செக்ஷனுக்குத் திரும்பலாம், இல்லாவிட்டால் ஸ்டோர் என்றார். போர்வை எண்ணவா பட்டாளத்தில் சேர்ந்தேன்?

பிப்ரவரி 4
தங்கச் சுரங்க ஊருக்கு, மைசூர் மைன்ஸ் வீட்டுக்கு வந்துவிட்டேன். கண் சரியாகத் தெரியாமல் எழுதும் வரி வளைகிறது. எரிச்சல். மிளகாய்க் கையால் தேய்த்த மாதிரி.

பிப்ரவரி 6
மேல்தோலைச் சுரண்டித்தான் லேசர் அடித்தார்கள். புண் ஆறும்வரை காவலுக்கு இரண்டு கண்ணிலும் மெல்லிய லென்ஸ். எட்டாம் தேதி அவர்களே எடுப்பார்கள். அதுவரை கை படக் கூடாது. சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேட்டு மண் பறந்து வரும் என்று டீனா ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டாள். 'ஆடாதீங்க' என்று திட்டிக்கொண்டே சொட்டு மருந்து விடுகிறாள். நல்ல பெண்டாட்டி.

பிப்ரவரி 7
சாயங்காலம் வீட்டு ஜெபம். டீனாவின் சித்தி ஐடா, சபைப் பெண்கள் ஆறு பேரோடு வந்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள், நானும் மூடினேன். எதிரி வருவதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன், சித்தியின் கட்டைவிரல் வருவதைக் காணவில்லை! ஜெப எண்ணெய். இரண்டு இமையிலும், அழுத்தி, சிலுவை போட்டுத் தேய்த்துவிட்டார். வலது கண்ணில் நெருப்பு. லென்ஸ் கன்னத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுதமாட்டேன். அதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை.
'இன்னா மாப்ள, பதினாலு வருசமா எல்லாருக்கும் பூசிக்கினு இருக்கேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலியே' என்று சித்தி அழுதார்.
எனக்குத்தான் ஆகணுமா? கண்ணு போச்சுன்னா இன்னா பண்றது? ஸ்டோர்கூட கெடைக்காதே. யார் மேல கோவப்படறது — ஆசையா வந்த பொம்பள மேலயா?
ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். மருந்தை விட்டுக்கொண்டு காலையில் வரச் சொன்னார்கள்.

பிப்ரவரி 8
டீனா தினமும் வேலைக்குப் போகிற அதே ரயில். விஷயம் கேட்டதும் சீட்டாடும் கூட்டம் எழுந்து, காற்றுப் படாத உள்பக்க இடம் கொடுத்தது.
டாக்டரம்மா, மேஜர். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். புண் மூடிவிட்டது! எப்படியும் இன்று எடுக்கவேண்டிய லென்ஸ்தானாம். இதுவே இரண்டு நாள் முன்னால் நடந்திருந்தால் தெரியும் சேதி என்று இந்தியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். இனிக்க இனிக்கக் கேட்டுக்கொண்டேன்.
அப்பாடா.

மார்ச் 1
வலது கண் இன்னும் மங்கல். ஆறும்போது அப்படித்தான் என்கிறார்கள். எண்ணெயாலோ? சித்தி வாரம் இரண்டு முறை கறிக்குழம்பு கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடுகிறார். சாப்பிடுகிறேன். பேசமாட்டேன்.

மார்ச் 19
இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பழைய சுரங்க ஷாஃப்ட்டின் உச்சிச் சக்கரத்தைப் பார்த்தேன். கம்பி கம்பியாக எண்ண முடிந்தது! நேராகச் சித்தி வீட்டுக்குப் போனேன்.
'சித்தி, கொழம்புல உப்பு கம்மி.'
அழுதுகொண்டே சிரித்தார். 'இதச் சொல்ல ஒரு மாசமா மாப்ள?'

ஏப்ரல் 28
போர்டு முடிந்தது. ஃபிட்! செக்ஷனுக்கே திரும்புகிறேன். கிரணுக்குப் போன் செய்தேன். இருவரும் கத்தியதில் ஒன்றும் புரியவில்லை.

மே 4
ரயிலில் எழுதுகிறேன். ஒவ்வொரு லீவு முடியும்போதும் பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். டீனாவின் முகம் மங்கிவிடும், வண்டி நகர்ந்துவிடும். ஐந்து வருடமாக அப்படித்தான் தப்பித்துவந்தேன்.
இன்று துடைக்க ஒன்றுமில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் முழுக்கத் தண்ணீர். எல்லாம் தெரிந்தது.
'இன்னா அப்டி பாக்கறீங்க, மொதல் தடவ பாக்கறமாதிரி?'
'ஆமா' என்றேன்.