பலாத்தோல் டயர்

மைசூர்
2-9-96

அன்பு மகள் மரகதத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மகள் அனுப்ரியாவும் சுகம். நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, நின்று நின்று கால் வீங்காமல் நல்லபடியாக இருக்க மாதேசுவரன் துணையிருக்கட்டும். உன் வீட்டுக்காரரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, தோள் எலும்பு இன்னும் கூடவில்லை, துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற மெட்டில்டா லீவு முடிந்து திரும்புகிறாளாம், ஏதாவது கொடுத்தனுப்புகிறீர்களா என்று கேட்டு வந்தாள், மாவடு ஊறுகாயோடு இதையும் அவள் கையில் கொடுக்கிறேன். ஊறுகாயை அப்புறம் திற, இதை முதலில் படி. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, மூணாங்கிளாசோடு என்னை நிறுத்தியது உன் தாத்தா, அதையும் நான் மறக்கவில்லை.

சரக்கு வண்டியை விற்றுவிட்டு ஏதாவது பாக்டரியில் சேர அவரிடம் சொல்லிவிட்டாய். குண்டலுபேட்டைக்காரர் ஒருவர் வந்து பார்த்துப் பேசி முடித்துவிட்டார், கௌரி பண்டிகை கழிந்ததும் ஓட்டிக்கொண்டு போவாராம். உன் சம்பளத்தில் வாங்கிய வண்டி, நீ சொன்னால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். ஆனால் கண்ணு, அவர் வேகமாக ஓட்டிக் கவிழ்த்துவிட்டதாக உன்னிடம் போனில் சொன்னாரே, அது பொய். எனக்காகச் சொன்ன பொய்.

நீ டயருக்குப் பணம் அனுப்பினாய் அல்லவா, அன்று நானும் அவரோடு கடைக்குப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு போனேன், காவலுக்குத்தான் போனேன், உனக்குத் தெரியாததா. கடைக்காரர் சித்தையன் பொறுமையான மனுஷன், மூன்று விதமாக உருட்டிக் காட்டினார். ஒன்று தார் ரோட்டுக்கு, சுற்றிலும் கோடு கோடாக, புடவைக் கரை மாதிரி பார்க்க லட்சணமாக இருந்தது. ஒன்று வயலுக்குள் இறங்குகிற வண்டிக்கு, கட்டை கட்டையாக. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில், தாரிலும் ஓடும் சேற்றிலும் ஓடும், முண்டுக்கு முண்டு நடுவில் சந்து இருக்கிறதே அது உருளும்போதே மண்ணைத் தானாக உதறிப் போட்டுவிடும் என்றார். உன் வீட்டுக்காரர் அதன்மேல் கை வைத்து, இதுதான் வேணும் அத்தே, ஹனூருக்கு மேலே மலை ஊருக்கெல்லாம் பட்டுக்கூடு ஏற்றப் போறேன், மழை பெஞ்சா அந்த ரோடு ரோடாவே இருக்காது என்றார். எனக்கு அது பலாப்பழத் தோல் மாதிரி இருந்தது. விலையும் கூட. அதைவிட, அவர் ஆசைப்பட்டுத் தடவிப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. என் பொண்ணு கண் காணாத தேசத்துல பீ மூத்திரம் அள்ளி அனுப்புற காசு, உங்களுக்குப் பலாத்தோல் கேக்குதா, ஷோக்கு பண்றதுக்கா வண்டி என்று கேட்டேன். மெல்லக் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர்கள், டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், கன்னடக்காரர்களுக்கும் அந்தத் தமிழ் நன்றாகவே புரிந்தது. சரி, பின்னாடி ரெண்டுக்காவது போடலாமா என்று சித்தையன் கேட்டார். அதற்கும் நான்தான் வேண்டாம் என்றேன். உன் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டு, கோடு போட்டதையே மாட்டுங்க அண்ணா என்று சொல்லி வெளியே போய் நின்றுகொண்டார்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பாய். உன் கல்யாணத்தன்று அவருடைய அக்கா லிங்கம்மா எனக்குக் களி உருண்டை போட்டாள், அவர்கள் பாஷையில் முத்தை, நான் அதை மென்று தின்றேன், விழுங்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும். இந்தத் தமிழ்க்காரம்மாவைப் பாருங்கடி, முத்தையை மெல்லுறாங்க, பல்லுக்கு வேலை கொடுக்கிறாங்க என்று அவள் சொல்ல, பந்தியே சிரித்தது. உன் வீட்டுக்காரரும் சிரித்தார். மணமேடை மாலை கழுத்தில் அப்படியே இருக்கச் சிரித்தார். அன்றிலிருந்து அவரை நான் மாப்பிள்ளை என்று வாய் நிறைய ஒரு தடவை கூப்பிட்டதில்லை. பாப்பா, உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு, பாப்பா, உங்கப்பாவைக் கேஸ் வாங்கியாரச் சொல்லு, இப்படியே ஒரே வீட்டில் காலத்தை ஓட்டிவிட்டேன். அந்தச் சிரிப்பை மனசில் வைத்துக்கொண்டுதான் டயர்க் கடையில் பேசினேன்.

அவர் விழுந்த அன்று அவரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தது அதே லிங்கம்மாதான். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அவள் சொன்னாள், மழையில் அவள் ஊர்ச் செம்மண் ஏற்றத்தில் வண்டி நடக்கிற மனுஷன் வேகத்துக்குத்தான் போயிற்றாம், பின்னால் அவளே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தாளாம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது, பட்டுக்கூட்டு மூட்டையெல்லாம் சேற்றில். ஊரார் மாடு கட்டி இழுத்திருக்கிறார்கள். டயர் நல்லதா போட்டிருக்கக் கூடாதா அம்மா, தம்பி இப்படிக் கஞ்சத்தனம் பண்றவன் இல்லையே என்று என்னிடமே கேட்டாள். நான் டீ போட உள்ளே போய்விட்டேன். வண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியபின் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அந்த லட்சணமான கோடெல்லாம் மண் அப்பி, சுவர் பூசினது மாதிரி மழமழவென்று கிடந்தது. கரண்டிக் காம்பால் தோண்டினேன், வரவில்லை.

பிறகு போன் பூத்தில் அவர் உன்னிடம் பேசினபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என் தப்புதான், வேகமாப் போயிட்டேன் என்று அவர் சொல்லச் சொல்ல, நீ அந்தப் பக்கம் கத்துவது எனக்கும் கேட்டது. ரிசீவரை வாங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே வந்ததும், நீங்க ஏன் உள்ளதைச் சொல்லலை என்று கேட்டேன். குழந்தையை நடுவில் வைக்காமல் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அவர், அவ அங்கே தனியா இருக்கா அத்தே, உங்க மேலயும் கோபப்பட்டா அவளுக்கு யாரு இருக்கா என்றார்.

முந்தாநாள் சித்தையன் கடைக்குத் தனியாகப் போனேன். அதே பஞ்சர்க்காரர்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர்கள் காதிலும் விழும்படியே, என் மாப்பிள்ளை கேட்டது சரி, நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன் என்றேன். கோடு போட்டது அதிகம் தேயவில்லை, மாற்றிக்கொண்டு பலாத்தோலைத் தருகிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டார், மீதிக்கு நான் பொறுப்பு, நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். வண்டி கையை விட்டுப் போய்விட்டால் நான் அந்த டயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

நேற்று களி கிண்டினேன். அவரால் வலது கையைத் தூக்க முடியாதே, நானே சின்னச் சின்னதாகக் கிள்ளிச் சாற்றில் போட்டுக் கொடுத்தேன், இடது கையில் ஸ்பூன் பிடித்து விழுங்கினார். நானும் எதிரில் உட்கார்ந்து தின்றேன், மென்றுதான் தின்றேன். அவர் பார்த்தார், சிரிக்கவில்லை. சிரித்தாலும் பரவாயில்லை மாப்பிள்ளை என்று சொன்னேன், அதற்கு அப்புறம்தான் சிரித்தார். லிங்கம்மாவை இன்னும் மன்னிக்கவில்லை, அது வேறு கணக்கு.

கண்ணு, நீயும் குழந்தையும் அவரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ்கிற நாளை நான் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குள் உனக்கு ஒரு தலைவலிகூட வராமல் சாமி காக்கட்டும். டூட்டி முடிந்து வந்தால் காலை வெந்நீரில் வை. ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குப் போன் பண்ணும்போது என்னைக் கேட்காதே, அவரைக் கூப்பிடு, வண்டியை விற்க வேண்டாம் என்று சொல். திடீரென்று ஏன் என்று கேட்பார். அம்மா உள்ளதை எழுதிவிட்டாள் என்று சொல். நான் பக்கத்தில்தான் நிற்பேன், இந்தத் தடவை டீ போட ஓடமாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
செல்லக்கண்ணு